பழைய காருக்கு அகலமான முன் டயர்: வாங்கும் முன் எதை, எங்கே அளப்பது?

திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் என் மைத்துனரின் பழைய பிரீமியர் பத்மினி கார் திரும்பியபோது முன்பக்கத்தில் 'சரக், சரக்' என்று ஒரு சத்தம். வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தோம். புதிதாகப் போட்ட அகலமான டயரின் தோளில் விரல் அகலத்துக்கு ரப்பர் சீவியிருந்தது. மட்கார்டின் உள்மடிப்பில் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது.

"நேரா போகும்போது ஒண்ணுமே தெரியல அத்தான். முழுசா ஒடிச்சாத்தான் இடிக்கு" என்றார்.

வாங்கிய இடத்தில் "இதே வண்டிக்கு ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருக்கோம், கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் ஓர் அளவுகூட எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பழைய காரை ஆசையாக வைத்திருந்து, முன்பக்கம் கொஞ்சம் அகலமாக வேண்டும் என்று நினைக்கிற எவருக்கும் இது உதவும். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அகலம் என்பது இரண்டாவது கேள்விதான். கூடுகிற அகலம் எந்தப் பக்கம் போகிறது, உள்ளேயா வெளியேயா என்பதுதான் முதல் கேள்வி. 165 (அகலம், மி.மீ.இல்) என்று போட்ட ஒரே டயர், ஒரு வீலில் மாட்டினால் உள்ளே ஷாக் அப்சார்பர் பக்கம் போய் உரசும். இன்னொரு வீலில் மாட்டினால் வெளியே மட்கார்டை இடிக்கும். மூன்றாவது வீலில் எங்கும் படாமல் ஓடும். மூன்றிலும் டயர் அதேதான். வித்தியாசம் வீலில் இருக்கிறது.

வீல் என்று நான் சொல்வது டயர் உட்காருகிற இரும்பு அல்லது அலாய் வட்டை. அதன் நடுத்தட்டு, சக்கரம் சுற்றுகிற அச்சின் முனையான ஹப்பின் மேல் போய் உட்கார்ந்து நட்டால் இறுகுகிறது. அந்தத் தட்டு வட்டின் சரியான நடுவில் இருப்பதில்லை, ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்குப் பெயர் ஆஃப்செட். தட்டு வெளிப்பக்கமாகத் தள்ளி இருந்தால் வீலின் பெரும்பகுதி காருக்கு உள்ளே போகும், அது பிளஸ் ஆஃப்செட். அலாய் வீலின் பின்னால் 'ஈடி' என்று எழுதி ஓர் எண் போட்டிருப்பார்கள், அது இந்த அளவுதான். பழைய இரும்பு வீலில் பெரும்பாலும் அது இருக்காது. நாமே எடுக்க வேண்டும்.

எடுப்பது சுலபம். வீலைக் கழற்றி, முகம் தரையைப் பார்க்கக் குப்புற வையுங்கள். பின்பக்க விளிம்பின் மேல் குறுக்காக ஒரு நேர்க்கட்டை. அந்தக் கட்டையிலிருந்து, ஹப்பில் போய் உட்காரும் தட்டின் முகம் வரை டேப்பை இறக்கி அளக்க வேண்டும். இந்த அளவுக்கு பேக்ஸ்பேஸ் என்று பெயர். டயர் மாட்டிய நிலையில் அளந்தால் கட்டை ரப்பரின் மேல் உட்கார்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். காற்றை இறக்கியோ டயரைக் கழற்றியோ அளப்பது நல்லது. அதோடு வீலின் மொத்த அகலத்தையும், விளிம்பிலிருந்து விளிம்பு வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே புதியவர்கள் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. 5 அங்குல வீல் என்று கடையில் சொல்வது, டயரின் ஓரம் உட்காரும் உள்ளகலம். வெளி விளிம்புகளையும் சேர்த்தால் அது ஏறக்குறைய 6 அங்குலம் வரும். பழைய வீலை வெளியே அளந்து 5 என்று எழுதிவிட்டு, கடையில் போய் 5 அங்குல வீல் கேட்டால், அதே அளவு வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஓர் அங்குலம் பெரிதாக வாங்கி வருவோம்.

சரி, இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்மினிக்குக் கம்பெனி டயர் 5.20-14. அதன் அகலம் 5.20 அங்குலம், அதாவது 132 மி.மீ. உங்கள் பழைய வீலின் மொத்த அகலம் 127 மி.மீ., பேக்ஸ்பேஸ் 90 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். இது எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் வண்டியில் வருகிற எண்ணைத்தான் நீங்கள் போட வேண்டும். 132 மி.மீ. டயர் 127 மி.மீ. வீலில் உட்கார்ந்தால் பக்கத்துக்கு 2.5 மி.மீ. பிதுங்கும். ஆக ஹப் முகத்திலிருந்து டயரின் உள்ஓரம் 92.5, வெளிஓரம் 39.5.

இப்போது 5 அங்குல வீலும் 165/80 ஆர்14 டயரும் போட ஆசை. வீலின் மொத்த அகலம் 152 மி.மீ., கடைக்காரர் காட்டிய வீலின் பேக்ஸ்பேஸ் 100. டயரில் 165 என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு குறிப்பிட்ட அகல வீலில் மாட்டி அளந்த எண். இந்த டயருக்கு அது 4.5 அங்குலம். வீல் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். ஆகவே 5 அங்குல வீலில் இது 170. பக்கத்துக்கு 9 மி.மீ. பிதுங்கல். உள்ஓரம் 109, வெளிஓரம் 61.

பழையதைப் புதியதிலிருந்து கழித்தால் டயர் உள்ளே 16.5 மி.மீ. கூடுகிறது, வெளியே 21.5 மி.மீ. கூடுகிறது. மொத்தம் 38. இந்த இரண்டு எண்ணும் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, காரில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. முன் சக்கரத்தில் சிரமம் அங்கேதான்.

பின் சக்கரம் மேலும் கீழும்தான் போகும். முன் சக்கரம் அப்படியில்லை. மேலே ஏறும், கீழே தொங்கும், இடமும் வலமும் ஒடியும், பல நேரம் இவை இரண்டும் சேர்ந்தே நடக்கும். புளியரை எஸ் வளைவில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, பிரேக்கில் கால் வைத்து இறங்குகிற பத்மினியை நினைத்துப் பாருங்கள். மூக்கு தாழ்ந்திருக்கிறது, ஸ்டியரிங் ஒடிந்திருக்கிறது, வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் வண்டியின் பாரம் சாய்கிறது. முற்றத்தில் நேராக நிற்கும்போது தாராளமாகத் தெரிந்த இடைவெளி அந்த நொடியில் இருக்காது. என் மைத்துனர் பார்த்தது முற்றத்து இடைவெளியை மட்டும்தான்.

ஆகவே அளப்பதற்கு வண்டியை எல்லா நிலைக்கும் கொண்டுபோக வேண்டும். சம தரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, முதலில் நேராக நிற்கிற நிலையில் ஒரு தடவை எடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு இங்கே அருமையாக உதவும். மட்கார்டு விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், நூலுக்கும் டயரின் வெளிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைத் துல்லியமாக எடுக்கலாம். உள்பக்கத்துக்கு டேப் நுழையாது. தென்னை ஈர்க்கைத்தான் நான் பயன்படுத்துகிறேன். டயருக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் நுழைத்து, முட்டுகிற இடத்தில் நகத்தால் கிள்ளி, வெளியே எடுத்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் போதும். வளையும், உடையாது, எந்த இடுக்கிலும் போகும்.

அடுத்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதும் ஒடித்து ஒரு தடவை, வலப்பக்கம் முழுவதும் ஒடித்து ஒரு தடவை. இடப்பக்கம் ஒடிக்கும்போது இடது சக்கரத்தின் முன்பகுதி வெளியே வரும், பின்பகுதி உள்ளே போகும். வலது சக்கரத்தில் இதற்கு எதிர்மாறு. அதனால் ஒவ்வொரு சக்கரத்திலும் முன்பக்கம், பின்பக்கம், உள்ளே, வெளியே என்று நான்கு இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அளந்துவிட்டு மறுபக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். நாற்பது வருஷத்தில் ஒரு தடவையாவது டிங்கரிங் பார்க்காத பழைய கார் நம் பக்கத்தில் அபூர்வம். இடது மட்கார்டும் வலது மட்கார்டும் 8, 10 மி.மீ. வித்தியாசமாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒடித்து அளக்கும்போது இன்னொன்று புரியும். சக்கரம் வெளியே தள்ளிப் போகப் போக, ஒடிக்கும்போது அது வீசுகிற வட்டமும் பெரிதாகும். செக்கில் மாடு தள்ளி நடந்தால் சுற்று பெரிதாவது போலத்தான். அதனால் நேராக நிற்கும்போது 20 மி.மீ. வெளியே வந்த டயர், ஒடித்தபின் மட்கார்டின் முன்மடிப்பை நோக்கி அதற்கும் கூடுதலாக நகர்ந்திருக்கும். வெளியே கூடுகிற ஒவ்வொரு மி.மீ.யையும் உள்ளே கூடுவதைவிடப் பயத்தோடு பார்ப்பது என் வழக்கம்.

மேலும் கீழும் போகிற அசைவை அளப்பதுதான் எல்லாரும் விட்டுவிடுகிற வேலை. சக்கரம் எவ்வளவு மேலே ஏறும் என்பதை, பம்ப் ரப்பருக்கும் (சக்கரம் மேலே ஏறும்போது முட்டி நிறுத்துகிற ரப்பர்) அது போய் முட்டுகிற இடத்துக்கும் உள்ள இடைவெளி சொல்லும். ரப்பர், சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசைகிற சஸ்பென்ஷன் கையின் நடுவாக்கில் இருக்கிறது, சக்கரம் அதன் நுனியில் இருக்கிறது. அதனால் ரப்பரின் இடைவெளியைவிடச் சக்கரம் அதிகமாகவே ஏறும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கீழ்க்கையின் அடியில் ஜாக்கி வைத்து ஏற்ற வேண்டும். பத்மினியின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங். அது அமுங்கிய நிலையில் ஒரு மனிதரைக் கொல்லும் அளவு விசையோடு இருக்கிறது. அதை வீட்டில் கழற்றவே கூடாது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்துப் பழக்கப்பட்ட மெக்கானிக்கிடம் போங்கள். அம்பாசடரில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை பார்க்கும் கம்பி), அதைத் தளர்த்துவதும் தெரிந்தவர் வேலைதான்.

ஸ்பிரிங்கைக் கழற்ற மனமில்லை என்றால் களிமண் வழி இருக்கிறது. காருகுறிச்சிப் பக்கம் பானை செய்கிறவர்களிடம் கேட்டால் நன்றாகப் பிசைந்த மண் ஓர் உருண்டை கிடைக்கும், சப்பாத்தி மாவும் ஆகும். பழைய டயர் மாட்டிய நிலையிலேயே, டயர் நெருங்குகிற இடங்களில் மட்கார்டின் உள்ளே இரண்டு அங்குலக் கனத்துக்கு அப்பிவிடுங்கள். ஆள் ஏற்றி, காலியான தெருவில் மெதுவாக, வேகத்தடைகள் ஏறி இறங்கி, முழுதாக ஒடித்து ஒரு சுற்றுப் போய் வாருங்கள். மண் எங்கே நசுங்கியிருக்கிறதோ அங்கே மிச்சமிருக்கிற கனம்தான் உங்கள் உண்மையான இடைவெளி. நசுங்காத இடத்தில் இடைவெளி இரண்டு அங்குலத்துக்கும் மேல். இதைவிட நேர்மையான அளவுகோலை நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங் கழற்றி எடுக்கிற அளவு, சக்கரம் போகக்கூடிய கடைசி எல்லை வரை காட்டும். களிமண் நம் சாலையில் நடப்பதைக் காட்டும். அதனால் களிமண்ணில் கிடைத்த இடைவெளியில் இன்னும் சில மி.மீ. கழித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கணக்குக்குத் திரும்புவோம். மிக மோசமான நிலையில் உள்ளே 28 மி.மீ., வெளியே 30 மி.மீ. கிடைத்தது என்று வைப்போம். மொத்தம் 58. நம் 5 அங்குல வீல் 38 மி.மீ. கேட்கிறது. உள்ளே 28இல் 16.5 போனால் 11.5 மிச்சம். வெளியே 30இல் 21.5 போனால் 8.5தான் மிச்சம். மோசமான நிலையிலேயே எடுத்த அளவு என்றாலும், பக்கத்துக்கு 12 மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கிற கணக்கு. அந்தக் கணக்கில் இந்த வீல் தேறாது. டயர் வளைவில் நெளியும், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கிற பழைய புஷ் இளகும், சக்கரத்தில் சேறு அப்பும். ஒரே அளவு எழுதிய டயரே கம்பெனிக்குக் கம்பெனி சில மி.மீ. மாறும்.

இதையே 4.5 அங்குல வீலில் போட்டுப் பாருங்கள். வீலின் மொத்த அகலம் 140 மி.மீ., டயர் 165. பழையதைவிட 33 மி.மீ.தான் கூடுதல். 58இல் 33 போனால் 25 மிச்சம், இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு 12.5. அப்படிப் பங்கு பிரிய வேண்டுமென்றால் வீலின் பேக்ஸ்பேஸ் சுமார் 95 மி.மீ. இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய எண் இதுதான். '4.5 அங்குலம், பேக்ஸ்பேஸ் 95' என்று கேட்கிறவரிடம் யாரும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல மாட்டார்கள்.

இந்த எண்ணில் இன்னொரு நல்லதும் இருக்கிறது. பேக்ஸ்பேஸிலிருந்து வீலின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் ஆஃப்செட் வரும். பழைய வீலுக்கு அது 26.5, புதிய வீலுக்கு ஏறக்குறைய 25. டயரின் நடுக்கோடு பழைய இடத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். சக்கரம் திரும்புகிற அச்சைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடுகிற புள்ளிக்கும், டயரின் நடுவுக்கும் இடையே கொஞ்சம் தூரம் இருக்கும். வீலை வெளியே தள்ளத் தள்ள அந்தத் தூரம் கூடும். அப்போது ஸ்டியரிங் கனக்கும், பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்தால் கையைப் பிடித்து இழுக்கும், ஹப் பேரிங் சீக்கிரம் தேயும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய காரில் இதெல்லாம் முதல் நாளே கைக்குத் தெரியும். பார்க்க அழகாக இருக்கிறது என்று வீலை வெளியே தள்ளி வைப்பது எனக்குப் பிடிக்காது. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டுத் தள்ளுவது இன்னும் பிடிக்காது. நட்டு பிடிக்கிற மரை குறைந்துபோகும். அது ஸ்டட்டின் (ஹப்பில் நீட்டியிருக்கிற மரைக்கம்பி) கனத்துக்குக் குறையாத ஆழத்துக்காவது பிடித்திருக்க வேண்டும்.

டயரின் உயரத்தையும் மறக்க வேண்டாம். 165/80 ஆர்14 என்றால் அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 132. இரண்டு பக்கச்சுவரும் 14 அங்குல வட்டும் சேர்ந்தால் விட்டம் 620 மி.மீ. பழைய டயரின் விட்டத்தைத் தெரிந்துகொள்ள, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு வண்டியை ஒரு முழுச் சுற்றுத் தள்ளுங்கள். போன தூரத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம். வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 185/70 ஆர்14 போட்டாலும் விட்டம் 615தான் வரும், ஆனால் அகலம் தாங்காது. பத்மினியும் அம்பாசடரும் பின் சக்கரம் இழுக்கிற வண்டிகள், முன் டயர் மாறினால் ஸ்பீடோமீட்டர் மாறாது. ஆனால் ஸ்டெப்னி ஒன்றுதான். அது முன்னும் பின்னும் பொருந்தாவிட்டால் இரவில் கயத்தாறு பக்கம் பஞ்சரானபோது வருத்தப்படுவோம்.

வாங்கப் போகிற வீல் ஹப்பில் உட்காருமா என்பது தனிக் கேள்வி. ஸ்டட்கள் நிற்கிற வட்டத்தின் விட்டத்தைப் பி.சி.டி. என்பார்கள். நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்களின் நடுவிலிருந்து நடு வரை அளந்தால் அதுதான். ஐந்து என்றால் எதிரெதிரே ஸ்டட் இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் நடுத்தூரத்தை 1.7ஆல் பெருக்குங்கள். ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. வித்தியாசம்தானே, இழுத்துப் பிடித்து இறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நடு ஓட்டை ஹப்பின் குமிழில் சரியாக உட்கார வேண்டும், நட்டின் கூம்பும் வீலின் குழியும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். உள்ளே பிரேக் டிரம்முக்கும், ஸ்டியரிங் கம்பியின் முனையான டை ராடு எண்டுக்கும் வீல் படாமல் சுற்ற வேண்டும். டை ராடு எண்ட் சக்கரத்தோடு சேர்ந்தே திரும்புவதால் அங்கே இடைவெளி பெரிதாக மாறாது, 6 மி.மீ. போதும்.

முன்பக்கத்துக்கு மட்டும் அகலமான டயர் போதுமே என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். முன்பக்கப் பிடி கூடி, பின்பக்கம் பழைய ஒல்லி டயரிலேயே இருந்தால், குற்றாலம் சீசன் சாரலில் தென்காசிச் சாலை வளைவில் பின்பக்கம்தான் முதலில் வழுக்கும். அதைத் திருப்பிப் பிடிப்பது பழகிய ஓட்டுநருக்கே கடினம். பழைய கிராஸ்பிளை டயரை (உள்நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை) பின்னால் விட்டுவிட்டு முன்னால் மட்டும் இன்றைய வகையான ரேடியல் (அளவில் 'ஆர்' என்று வருவது) போடுவது இதைவிட ஆபத்து. நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். முன்பக்கத்தை முதலில் அளக்கச் சொல்வது, இடம் குறைவது அங்கே என்பதால்தான். பழைய இரும்பு வீலில் ட்யூப்லெஸ் டயரின் ஓரத்தைப் பிடித்து நிறுத்துகிற மேடு இருக்காது, ட்யூப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் சொன்ன விவரத்திலிருந்து மாறுபடுகிற மாற்றங்களைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டிருந்தால் எந்தச் சோதனையிலும் கண்ணில் படும். வண்டி 50 வயதைத் தாண்டியிருந்து விண்டேஜ் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால், பழைய வீல்களை விற்காமல் எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள்.

என் மைத்துனர் மட்கார்டின் மடிப்பைச் சுத்தியலால் தட்டி உள்ளே மடக்கிவிடலாமா என்று கேட்டார். மடிப்புக்கு மேலே மட்கார்டின் வெளிப்பக்கத்தில் காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. பெயின்டுக்கு அடியில் முழுக்கப் பட்டி (பள்ளத்தை அடைக்கிற பூச்சு). தட்டினால் கட்டியாகக் கொட்டியிருக்கும். இரும்பு நன்றாக இருந்தாலும்கூட, காருக்கேற்ற வீலைத் தேடுவதுதான் சரி என்பேன். வீல் எத்தனையோ கிடைக்கும், அந்த மட்கார்டு இனிமேல் வராது. பத்மினி தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அம்பாசடர் 2014இல் நின்றது.

மறுநாள் பழைய வீலையே மாட்டி, களிமண் அப்பி, சமாதானபுரம் பக்கத்துத் தெருக்களில் இரண்டு சுற்றுப் போய் வந்தோம். எண்களைச் சாக்பீஸால் முற்றத்துத் தரையில் எழுதிக் கழித்துப் பார்த்தவர் அவரேதான். இரண்டு வாரம் தேடி, அளவுக்குப் பொருந்துகிற வீல்கள் கிடைத்தன. நான்கு டயரும் வாங்குவதற்கு முன், ஒரே ஒரு டயரை மட்டும் மாட்டிக் காற்றடித்து, இரண்டு முன்பக்கத்திலும் மாற்றி மாற்றிப் பொருத்தி ஒடித்துப் பார்த்தோம். எங்கும் படவில்லை. பிறகு அலைன்மென்ட், நட்டு இறுக்கம். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கினோம்.

இன்னும் மட்கார்டின் உள்மடிப்பில் சாக்பீஸ் பூசி வைத்திருக்கிறார். பாபநாசம் போய் வந்தால் முதலில் குனிந்து அந்தக் கோடு அழிந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.